வீட்டுக்கு வந்த படப்பெட்டி

மலர்க் குழுத் தம்பி போன் பண்ணி, "அண்ணா, இந்தத் தடவை கவிதை வேண்டாங்க, உருப்படியா ஒரு கட்டுரை குடுங்க" என்றார். கவிதையால் பட்ட அனுபவம் போலிருக்கிறது! சரி, போன சந்திப்பின் சாப்பாட்டுப் பந்தியில் நம்ம செட்டுக்காரர்கள் மூன்று பேர் கேட்ட கேள்விக்கே பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா, டி.வி.யில படம் பாக்கறதுக்கும், போட்டோ, வீடியோவெல்லாம் ஒரே பக்கம் போட்டு வெக்கறதுக்கும் வீட்டுல ஒரு சின்ன கம்ப்யூட்டர் சேர்க்கோணும். என்ன பார்ட்ஸ் வாங்கறது?"

ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜாப் ஒர்க் கம்ப்யூட்டர்

திருப்பூர்க்காரனுக்கு அசெம்பிள் கம்ப்யூட்டரை விளக்கவே வேண்டாம். நம் ஊரில் பனியன் எப்படி உருவாகிறது? நிட்டிங் ஒரு யூனிட்டில், சாயம் இன்னொன்றில், காம்பாக்டிங் வேறொரு இடத்தில், கட்டிங்கும் தையலும் மற்றோர் இடத்தில். ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட பி.சி.யும் அதே கதைதான். பிராசஸர் இன்டெல், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்ட், ஃபிளாப்பி டிரைவ் இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டனின் கம்பெனி. பாகங்கள் வெளிச்சந்தையில் கிடைத்ததால்தான் யாரும் வாங்கி மாட்டலாம் என்ற நிலை வந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் கொள்கையைத் தளர்த்தியது. பிறகு சென்னை ரிச்சி தெருவும் கோவை காந்திபுரத்துக் கடைகளும் நமக்குப் பழக்கமாயின.

முதல் ஃபைல் சர்வர்

திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கியது 1990. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் ஏ.சி. இருந்தது முதலாளிக்கும் ஒரு 386 கம்ப்யூட்டருக்கும் மட்டுமே! அதுதான் ஃபைல் சர்வர். அதில் நாவெல் நெட்வேர் ஓடியது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கோட்டாக் கணக்கு எல்லாம் அதற்குள். மற்ற கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஃபிளாப்பி போட்டு எழுப்பி, சர்வரில் இருப்பதைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோஆக்ஸியல் கேபிள் இணைக்கும். அதன் இரண்டு நுனியிலும் டெர்மினேட்டர் என்று ஒரு மூடி. பெருக்குகிற அம்மாவின் விளக்குமாறு பட்டு ஒரு மூடி கழன்றாலும் ஆபீஸ் மொத்தமும் நின்றுவிடும்.

ஆனாலும் ஒரு நல்ல பழக்கம் அங்கே இருந்தது. சாயங்காலம் அக்கவுண்டன்ட் எல்லாவற்றையும் காப்பி எடுத்துத் தன் பையில் வீட்டுக்குக் கொண்டு போவார். நாங்கள் சிரிப்போம். சிரித்திருக்கக் கூடாது.

மூன்று சி.டி., ஒரு படம்

வீட்டில் படம் பார்ப்பது தனி வரலாறு. டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்தவர்கள்தானே நாம்! பிறகு வி.சி.டி. வந்தது. ஒரு தட்டில் சுமார் 74 நிமிஷம். தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று தட்டு வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் பார்க்க முதலில் எம்பெக் கார்டு என்று தனியாக மாட்ட வேண்டியிருந்தது. 1997இல் எம்.எம்.எக்ஸ். பென்டியம் வந்த பிறகு அந்த வேலையைப் பிராசஸரே பார்த்துக்கொண்டது.

2004இல் நான் ஒரு பென்டியம் 4 சேர்த்தேன். வேகம் ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. எங்கள் வீடு பனியன் கம்பெனிக்கு மேல்மாடி. ஆறே மாதத்தில் பிராசஸர் ஃபேனில் பஞ்சு மெத்தை மாதிரிப் படிந்து, சூடு தாங்காமல் படம் பாதியில் நின்றது. "இது என்ன, நிட்டிங் மெஷின் மாதிரி சத்தம் போடுது?" என்றாள் வீட்டுக்காரி. கணக்கும் போட்டுப் பார்த்தேன். 100 வாட் பெட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 144 யூனிட். 25 வாட் பெட்டி என்றால் 36 யூனிட்தான்!

வழி பிறந்தது 2008இல். இன்டெல் ஆட்டம் பிராசஸர் வந்தது. 4 வாட். தைவானின் வி.ஐ.ஏ. 2001இல் அறிமுகப்படுத்திய 17 சென்டிமீட்டர் சதுர மினி ஐ.டி.எக்ஸ். போர்டில் அது உட்கார்ந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்டெலின் முதல் போர்டில் பிராசஸருக்கு ஃபேன் இல்லை, பக்கத்துச் சிப்செட்டுக்கு இருந்தது! ஃபுல் எச்.டி. படமும் திக்கியது. 2009இல் என்விடியாவின் அயான் சிப் அதைத் தீர்த்தது. நானும் ஓர் அயான் போர்டும், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்கினேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். மிரர் என்பார்கள். ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்ற தைரியம்.

தாய்லாந்து வெள்ளம்

அந்தப் பெட்டியில் நம்ம பிரிவு உபசார விழா வீடியோவும் இருந்தது. கேசட்டிலிருந்து மாற்றியது. கேசட்டில் பூஞ்சை பிடித்தபோது, "ஃபைல்தான் இருக்கே" என்று குப்பையில் போட்டவன் நானே.

மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கிப் பிரதி எடுத்து, மாமனார் வீட்டில் வைக்க நினைத்திருந்தேன். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். அயுத்தயா பகுதியில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் விலை ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. "விலை எறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டேன்.

2012 நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. நம் ஊரே ஜெனரேட்டரில் ஓடியது. ஒருநாள் ராத்திரி ஜெனரேட்டர் மாற்றுகிறபோது வோல்டேஜ் எகிறி, மலிவாக வாங்கிப் போட்டிருந்த எஸ்.எம்.பி.எஸ். புகைந்தது. போகும்போது இரண்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டே போயிற்று. ஒரே பெட்டிக்குள், ஒரே கரண்டில் இருந்தால் இரண்டு என்ன, பத்து இருந்தும் பிரயோசனமில்லை. மிரர் வேறு, பிரதி வேறு. அக்கவுண்டன்ட் பைக்குள் கொண்டு போனது இதைத்தான்.

அந்த விழாவில் நம் நண்பர் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் இன்று நம்மோடு இல்லை. அவர் குரல் இருந்த ஒரே பதிவு அது. அவர் மகள் கல்யாணத்துக்காக அதைக் கேட்டு வந்தபோது என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்ப என்னதான் வாங்கறது?

சொல்லிவிடுகிறேன். பிராசஸரைப் பற்றிக் கவலை வேண்டாம். 2023இல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட். 4கே படத்தையும் திணறாமல் ஓட்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சின்ன எஸ்.எஸ்.டி. ஃபேன் இல்லாத பெட்டி கிடைத்தால் பஞ்சுத் தொல்லையும் இல்லை. அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் யு.பி.எஸ்.ஸிலும் போடுங்கள். டிஸ்க் வாங்கும்போதே, வேறு வீட்டில் வைக்க இன்னொன்றும் சேர்த்து வாங்குங்கள். விலை இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ஒரு வரி இதுதான்.

ஒரு சேதி பாக்கி. 2006இல் ஒரு நண்பருக்கு நான் சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்த துண்டு அவர் பீரோவில் கிடைத்தது. பதினொரு நிமிஷம். பல்லவி முழுசாக இருக்கிறது, சரணம் தொடங்கும் இடத்தில் அறுந்துவிடுகிறது. சந்திப்பு நாளன்று பதிவு மேஜைக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு இருப்பேன். எல்லோரும் ஒரு பென் டிரைவ் கொண்டு வந்து ஆளுக்கொரு பிரதி எடுத்துப் போங்கள். அப்படியே வீட்டுப் பரணில் பழைய கேசட், சி.டி. ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்க. சரணம் யார் வீட்டிலாவது இருக்கலாம்.