பல்லாவரத்து ஆகாய விமானமும் பழைய மாணவனின் போனும்

போன பதிவைப் படித்துவிட்டு "சார், கொஞ்சம் சுருக்கமா எழுதுங்க" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இந்த முறையும் முடியவில்லை. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சென்ற வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் தாளில் ராக்கெட் விட்டவன். இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் நல்ல வேலை. "சார், பெரிய சைஸ் மாடல் ஏரோபிளேன் ரேஸ் நடத்த ஒரு சங்கம் ஆரம்பிக்கிறோம். பெரும்பாக்கத்துலயே முதல் ரேஸ். நீங்கதான் கௌரவத் தலைவர். மறுக்கக் கூடாது" என்றான்.

மாடல் விமானம் என்றதும் நான் நினைத்தது பொம்மை. அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது என் வீட்டு வாசலுக்குள் நுழையாது என்று. அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய ஒரு பெரிய மாடல் சங்கம் வைத்திருக்கும் கணக்குப்படி, ஒற்றை இறக்கை விமானமானால் இறக்கையின் முழு நீளம் 80 அங்குலமாவது இருக்க வேண்டும். அதாவது ஆறரை அடிக்கு மேல். மரம் அறுக்கும் இயந்திரத்தில் இருப்பதுபோன்ற பெட்ரோல் இஞ்சினை இவற்றில் பொருத்துகிறார்கள். ரேஸ் விதி எளிது. மைதானத்தில் கம்பங்கள் நடுவார்கள். அவற்றின் வெளிப்புறமாகவே சுற்றி வரவேண்டும். உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போனால் தண்டனை. அதைப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு நடுவர். ஓட்டுபவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று "இப்போ திருப்பு" என்று குரல் கொடுப்பார். நம் ஊர் மாட்டுவண்டி ரேஸில் சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர் ஓடுவாரே, அந்த மாதிரி.

"யோசித்துச் சொல்றேன் தம்பி" என்று போனை வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் கொஞ்சம் உங்களுக்கும்.

மதராஸில் விமானம் பறந்த கதை நம் பக்கத்துப் பல்லாவரத்தில்தான் தொடங்குகிறது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர்தான் கதாநாயகன். 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தி இந்த ஓட்டல்காரரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்ய வைத்தார். 1910-இல் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டினார். அதாவது நம் ஊரில் விமானமும் டிக்கெட் கவுண்டரும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறந்திருக்கின்றன! ஆசியாவிலேயே முதல் என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. சமையலும் விருந்தோம்பலும் தொழிலாகக் கொண்ட ஒருவர், யாரும் கேட்காமலே கைக்காசு போட்டு இதைச் செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மறு ஆண்டு 1911 பிப்ரவரி 18. அலகாபாத்தில் பெரிய கண்காட்சி நடக்கிறது. வால்டர் விண்டம் என்ற ஆங்கிலேயர் அங்கே விமானங்களைக் கொண்டுவந்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் மாணவர் விடுதிக்கு நிதி வேண்டும் என்று அவரிடம் உதவி கேட்டார். விண்டம் செய்த யோசனை: கடிதங்களை விமானத்தில் அனுப்புவோம், கூடுதல் கட்டணம் விடுதிக்கு. ஹென்றி பெக்கே என்ற 23 வயது இளைஞர் சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தார். உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. விளம்பரம் என்றால் இப்படி இருக்க வேண்டும். கூட்டமும் சேர்ந்தது, விடுதிக்குப் பணமும் சேர்ந்தது, தபால் துறைக்கு ஒரு புது வழியும் கிடைத்தது.

போட்டி என்று வந்தால் 1930-ஐச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து கிளம்பினார். 17 வயது ஆஸ்பி இஞ்சினியர் எதிர்த் திசையில் வந்தார். எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி மாட்டிக்கொண்டு நிற்கிறார். அங்கே இறங்கிய டாடா தன்னிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். பரிசு ஆஸ்பிக்கு! அவர்தான் பின்னாளில் நம் விமானப்படைத் தளபதி. இந்தக் கதையை ஏழாம் வகுப்பில் நான் எத்தனை முறை சொன்னேன் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் என் மாணவனின் கேள்விக்குச் சரியான பாடம் சோழவரத்தில்தான் இருக்கிறது. 1953-இல் சில கார், பைக் ஆர்வலர்கள் கூடி மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கினார்கள். செங்குன்றத்துக்கு அப்பால் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதையே பந்தயப் பாதையாக்கினார்கள். விமானம் போன இடத்தில் கார் ஓடியது. இளவயதில் நானும் நண்பன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஒருமுறை போயிருக்கிறேன். வெயில், புழுதி, காதைப் பிளக்கும் சத்தம், எங்கே பார்த்தாலும் தலைகள். எது முதலில் வந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, ஆனால் கைதட்டினேன்.

அந்தக் கிளப்பின் புத்திசாலித்தனம் எதில் என்றால், இரவல் ஓடுதளத்தை நம்பியே காலம் தள்ளவில்லை. சொந்த நிலம் வாங்கினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயப் பாதை திறந்தது. இன்றும் அங்கே பந்தயம் நடக்கிறது. அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் 1964-இல் தொடங்கிய பெரிய விமானப் பந்தயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2011-இல் ஒரு பந்தய விமானம் பார்வையாளர் பக்கம் விழுந்து விமானியும் 10 பார்வையாளர்களும் இறந்தார்கள். அதன் பிறகும் நடந்தது. ஆனால் ஓடுதளம் விமான நிலைய நிர்வாகத்துடையது. சுற்றிலும் வீடுகள் பெருகின, இன்ஷூரன்ஸ் தொகை ஏறியது, 2023-ஓடு அங்கே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைசிப் பந்தயத்திலும் இரண்டு விமானிகள் மோதி இறந்தார்கள். பிறகு வேறு ஊர் தேடிப் போக வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு என் சொந்தக் கதை நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. என்.சி.சி. நண்பர் ஒருவரை அழைத்து, கம்பியில் கட்டிச் சுற்றவிடும் மாடல் விமானத்தை ஓட்டிக்காட்டச் சொன்னேன். ஏற்பாடு முழுக்க நான். பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்தேன். கயிறு கட்டவில்லை, எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளக்கவும் இல்லை. நாலாவது சுற்றில் கம்பி அறுந்தது. விமானம் ஒரு பையனின் முழங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. ஏழு தையல். ஒரு முழம் மேலே பட்டிருந்தால் கண். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்ல வாத்தியாரே" என்றார். அதுதான் இன்னும் வலிக்கிறது. அந்தப் பையனும் இந்தப் பதிவைப் படிப்பான். பார்க்கும்போதெல்லாம் தழும்பைக் காட்டிச் சிரிப்பான்.

அது சில நூறு கிராம் எடையுள்ள விமானம். இவர்கள் விடப்போவது அதைப்போல் பல மடங்கு.

2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரும்பாக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வானத்தில் ஒரு குறையும் இல்லை. தரையில், வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். கூட்டத்தைச் சேர்ப்பது ஒரு வேலை, சேர்ந்த கூட்டத்தைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது வேறு வேலை. இரண்டாவதற்கு யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை.

மறுநாள் அவனுக்கு நானே போன் செய்தேன். முதலில் பெரும்பாக்கம் சரிப்படாது என்றேன். ஒரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் மீனம்பாக்கம். 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் போகக் கூடாது. மாடல் விமானத்துக்கு 25 கிலோதான் உச்சவரம்பு, கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே ஓட்ட வேண்டும். போதாக்குறைக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடாவும் பூநாரையும் வந்து இறங்கும் இடத்தில் பெட்ரோல் இஞ்சின் எதற்கு? அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் விளையாட இருப்பதே இரண்டு காலி இடம். ரேஸ் என்று தெரிந்தால் ஐந்நூறு பிள்ளைகள் ஓடிவந்து கம்பத்தடியில் நிற்பார்கள்.

அவன் முகம் வாடியது போனிலேயே தெரிந்தது. "அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா சார்?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை சி. ராஜம் 1949-இல் தன் சொத்தை விற்றுத் தொடங்கினார். அங்கே நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அதே கல்லூரியின் தக்ஷா குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருக்க, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியது. நம் பிள்ளைகளுக்கு இது முடியாத காரியம் இல்லை.

"முதல் வருஷம் ரேஸே வேண்டாம். தள்ளி ஒரு நிலம் பாரு. குத்தகைக்காவது எழுத்தில் வாங்கு. இன்ஷூரன்ஸ் எடு. விமானத்தைச் சோதிக்க ஓட்டாத ஒருத்தரை வை. பார்வையாளர் கோட்டை நான் அளக்கிறேன், நான் சொல்ற தூரம்தான். அதுக்குச் சம்மதம்னா தலைவர் பதவி, இல்லேன்னா நான் வீட்லயே இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "டேப் நான் கொண்டுவரேன் சார்" என்றான்.

வரும் ஞாயிறு நிலம் பார்க்கச் செங்கல்பட்டுப் பக்கம் போகிறோம். உங்களில் இன்ஷூரன்ஸ் துறையில் மூன்று பேராவது இருக்கிறீர்கள். இம்மாதிரி விளையாட்டுக்கு மூன்றாம் நபர் பாலிசி எப்படி எடுப்பது என்று தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் எனக்குப் போன் செய்யுங்கள். காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முன் நான் நடைப்பயிற்சியில் இருப்பேன்.