எட்டு வருஷம் எடுத்த ஒரு போட்டோ

எங்க வீட்டுக்குக் கிழக்கே காலி மனையில ஒரு அடுக்குமாடி எழும்புது. கட்டி முடிச்சா மொட்டை மாடிக்குக் காலை வெயில் வராது. அதுக்குள்ள அந்த வெயிலைப் படம் பிடிச்சு வெச்சுக்கணும்னு ஒரு கேமரா செஞ்சேன். காலி பியர் கேன், பக்கவாட்டில் ஊசியால் குத்திய ஓட்டை, உள்ளே கருப்பு வெள்ளை போட்டோ பேப்பர். அவ்வளவுதான், லென்ஸ் கிடையாது. ஐப்பசி மழையில தண்ணி புகுந்து பேப்பர் ஊறிப் போச்சு. அதுக்கப்புறம்தான் இதோட வரலாற்றைத் தேடினேன்.

சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் எதிர்ச் சுவரில் தலைகீழ் உருவம் காட்டும். சீனாவில் மோசியின் வழிவந்தவர்கள் இதை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டில், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் சூரிய கிரகணத்தை இப்படிப் பார்த்து ஒரு தனி நூலே எழுதினார். ஓட்டை சின்னதா இருந்தாத்தான் சூரியன் பிறையாத் தெரியும். பெருசானா பிறை கலைஞ்சு போகும்.

ஆனா அந்த உருவம் சுவரில் நிக்காது. கிரகணம் முடிஞ்சா அதுவும் போயிடும். 1820களில் பிரான்சில் நியெப்ஸ் ஒரு ஜன்னல் காட்சியை உலோகத் தகட்டில் பதிய வைத்தபோதுதான் அது மாறியது. 1856இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர், லென்ஸே இல்லாம ஊசித்துளையால் படம் எடுப்பதைப் பற்றி எழுதினார்.

இப்போ 2012க்கு வாங்க. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகம். கலை மாணவி ரெஜினா வால்கன்பர்க் அங்க ஒரு டெலஸ்கோப் கூண்டில் பியர் கேனைக் கட்டிட்டு மறந்தே போனார். அவரோட முந்தைய முயற்சிகளிலும் ஈரம் புகுந்து பேப்பர் சுருண்டுதான் போயிருந்தது. இதைப் படிச்சப்போ எனக்கு நிம்மதியா இருந்தது!

2020 செப்டம்பரில் ஒரு ஊழியர் அந்த கேனைக் கழற்றினார். எட்டு வருஷம் ஒரு மாசம் ஆகியிருந்தது. பேப்பரில் 2,953 வளைவுகள், ஒவ்வொண்ணும் ஒரு நாள் சூரியன் போன பாதை. இந்த மாதிரிப் படங்களைக் கழுவுறதில்லை. வெளிச்சம் படப்பட பேப்பர் இன்னும் கறுக்கும். அதனால வெளியே எடுத்ததும் ஸ்கேன் பண்ணிட்டு இருட்டில் வெச்சிடணும்.

ரெண்டாவது கேனை நேத்துதான் கட்டினேன். மூடியைச் சுத்தி கருப்பு டேப் ரெண்டு சுத்து. பக்கத்துல மூணாவது மாடிக்கு கம்பி கட்டிட்டாங்க. அது முடியுற வரைக்கும் நான் திறந்து பார்க்கப் போறதில்லை.