தோல்வி காணா ஓய்வு (குத்துச்சண்டை)

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு தோல்வியும் இல்லாமல் விலகிக்கொள்வது தோல்வி காணா ஓய்வு எனப்படும். சமனில் முடிந்த சண்டைகள் இத்தகுதியைக் கெடுப்பதில்லை. விலகியவர் மறுபடி களமிறங்கித் தோற்றால் தகுதி போய்விடும். முதல் வரிசை வீரர்களில் மிகச் சிலருக்கே இது வாய்த்தது. எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் சுகர் ரே ராபின்சன் 19 முறை தோற்றவர். முகம்மது அலி 5 முறையும் ஜோ லூயி 3 முறையும் தோற்றனர்.

தொடக்க காலம்

1887 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜாக் மெக்காலிஃபும் இங்கிலாந்தின் ஜெம் கார்னியும் மோதிய இலகு எடைச் சண்டை 74 சுற்றுகள் நீண்டது. மெக்காலிஃப் துவண்டுபோன நேரத்தில் அவருடைய ஆதரவாளர்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே புகுந்துவிட்டனர். நடுவர் சண்டையை நிறுத்திச் சமன் என்று அறிவித்தார். மெக்காலிஃப் தோல்வி காணாதவராகவே விலகினார். அந்த ஒரு சமனைக் கழித்துவிட்டு அவரை எடைபோட முடியாது.

சிகாகோவின் ஜிம்மி பாரி கதை துயரமானது. 1897 டிசம்பரில் லண்டனில் அவரிடம் அடிபட்டு விழுந்த வால்டர் குரூட் உயிரிழந்தார். பாரி மீதான வழக்கு நிற்கவில்லை. ஆனால் அதன்பின் அவர் கையில் பழைய வேகம் இல்லை. சண்டைகள் பெரும்பாலும் சமனிலேயே முடிந்தன. 1899இல் தோல்வி காணாமல் விலகினார்.

ஹெவிவெயிட் பட்டத்தோடு, தோல்வி காணாமல் 1905இல் விலகிய ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ் பண்ணையில் நிம்மதியாக இருந்தவர். கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் பட்டம் வென்றதைப் பொறுக்காத வெள்ளையர்கள் ஜெஃப்ரிஸை வற்புறுத்தித் திரும்ப அழைத்துவந்தனர். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் 15ஆம் சுற்றில் ஜான்சன் அவரைச் சாய்த்தார்.

இக்காலத்துக் கணக்குகளைப் படிக்கையில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1911 முதல் 1917 வரை நியூயார்க்கில் நடப்பிலிருந்த ஃபிராலி சட்டம், புள்ளிக் கணக்கில் முடிவு அறிவிப்பதைத் தடுத்தது. நாக்-அவுட் விழவில்லை என்றால் சண்டைக்கு முடிவே கிடையாது. மறுநாள் செய்தித்தாளில் நிருபர் எழுதியதுதான் முடிவு. ஒரே வீரரின் வெற்றி தோல்விகள் ஏட்டுக்கு ஏடு மாறுவதற்கு இது முக்கியக் காரணம்.

மார்சியானோ

ஹெவிவெயிட் பட்ட வீரர்களில் தோல்வி காணா ஓய்வின் அளவுகோல் ராக்கி மார்சியானோ. 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டை 13ஆம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றார். 1955 செப்டம்பர் 21 அன்று ஆர்ச்சி மூரை வென்றதே கடைசிச் சண்டை. 1956 ஏப்ரலில் விலகினார். 49 சண்டைகள், 49 வெற்றிகள், அவற்றில் 43 நாக்-அவுட். லூயி, வால்காட், மூர் ஆகியோர் அவரைச் சந்தித்தபோது வயது கடந்தவர்கள் என்பார் உண்டு. எதிரே வந்தவர்களை எல்லாம் வென்றவரிடம் இதற்குமேல் கேட்பது நியாயமாகாது. 48 வெற்றிகளோடு அவரை நெருங்கிய லாரி ஹோம்ஸ், 1985 செப்டம்பர் 21 அன்று, மார்சியானோவின் கடைசிச் சண்டை நடந்து சரியாக 30 ஆண்டுகள் ஆன நாளில், மைக்கேல் ஸ்பிங்ஸிடம் தோற்றார்.

வெவ்வேறு காலத்தவரை மோதவிட்டுப் பார்க்கும் ஆசைக்கும் மார்சியானோவே இலக்கானார். 1969இல் மயாமியில், அலியும் அவரும் படக்கருவி முன்னால் ஒரு நிமிடச் சுற்றுகளாகப் பல சுற்றுகள் பொய்ச்சண்டை போட்டனர். இதற்காக மார்சியானோ உடம்பை இளைக்க வைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி அணிந்துகொண்டார். யார் வெல்வார் என்பதைக் கணினி தீர்மானிக்கும் என்றார்கள். படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, அவர் விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிய படத்தில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி வென்றார்.

ஒப்பீட்டின் இடர்கள்

பழைய பட்டச் சண்டை 15 சுற்று. 1982 நவம்பரில் ரே மான்சினியிடம் அடிபட்ட கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்தபின் அது 12 சுற்றாகக் குறைந்தது. முன்பு எட்டே எடைப்பிரிவு, பிரிவுக்கு ஒரே பட்ட வீரர். இன்று குறைந்தது 17 பிரிவுகள், நான்கு பட்ட அமைப்புகள். ராபின்சன் ஏறக்குறைய 200 சண்டைகள் கண்டார். இன்றைய வீரர் 30, 40 சண்டைகளோடு நிறுத்திக்கொள்கிறார். எதிராளியைத் தேர்ந்தெடுக்க ஆள் வைத்திருக்கிறார். அன்று தோல்வி என்பது தொழிலின் ஒரு பகுதி. இன்று ஒரு தோல்வி வந்தால் விலை இறங்குகிறது.

சென்னை மரபு

வடசென்னையில் ஆங்கிலேயரிடமிருந்து கற்று வளர்ந்தது ‘ரோசமான குத்துச்சண்டை’. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் முதலிய பரம்பரைகளாகப் பிரிந்து, மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் அதை வளர்த்தனர். இங்கே வெற்றியும் தோல்வியும் தனியாள் கணக்கில் சேரவில்லை, பரம்பரைக்கே சேர்ந்தன. தோற்றவரின் பரம்பரை அடுத்த சண்டைக்கு வேறொருவரை இறக்கிக் கணக்கைத் தீர்த்தது. 1940களில் சார்பட்டாவின் கித்தேரி முத்து, ஆங்கிலோ-இந்திய வீரர் நாட் டெரியை வீழ்த்தியதற்காகப் பெரியார் அவருக்குத் ‘திராவிட வீரன்’ என்று பட்டம் தந்தார். அவர் பெயர் இன்றும் நிற்பது அந்த ஒரு வெற்றியால். மொத்தம் எத்தனை சண்டை வென்றார் என்று ராயபுரத்தில் யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

தோல்வியைப் பொருட்படுத்தாமல் வீரரைப் போற்றுவது தமிழருக்குப் புதிதும் அல்ல. 1799இல் பாளையக்காரரின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேயக் கும்பினிக்காகப் பிடித்தவர் மேஜர் பானர்மேன். 1801 மார்ச்சில் அந்தப் பாளையக்காரரின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் கும்பினிப் படையை அங்கே திருப்பி அடித்தனர். மே மாதம் கோட்டை மீண்டும் விழுந்தது. 1974இல் அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது தோற்றவருக்காகத்தான்.

1980இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை நடத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் ஹோம்ஸிடமும், மறு ஆண்டு டிசம்பரில் டிரெவர் பெர்பிக்கிடமும் தோற்றார். சென்னையில் அவருக்கு இருந்த மதிப்பு இம்மியும் குறையவில்லை.

இன்றைய நிலை

மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபஸ் (51 வெற்றி, 1 சமன்), ஜோ கால்சாகே (46), ஆன்ட்ரே வார்டு (32) ஆகியோர் தோல்வி காணாமல் விலகினர். ஃப்ளாயிட் மேவெதரின் 50ஆவது வெற்றி, 2017 ஆகஸ்டில், அதற்குமுன் தொழில்முறைக் குத்துச்சண்டையே ஆடாத கானர் மெக்ரிகரை எதிர்த்துக் கிடைத்தது. இந்தியாவில் விஜேந்தர் சிங் தொடர்ந்து 12 சண்டைகள் வென்று, 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யாவின் ஆர்திஷ் லோப்சானிடம் முதன்முறையாகத் தோற்றார்.