குருந்தக்கல்லும் சவரக்கத்தியும்

சவரக்கத்தியின் வரலாற்றைத் தேடிப் போனால் கையில் கிடைப்பதெல்லாம் உருக்கின் வரலாறுதான். எந்த ஊர் உருக்கு, எந்தப் பட்டறை, யாருடைய முத்திரை. நம்மாட்களைக் கேட்டால் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ‘வூட்ஸ்’ எஃகு நம்முடையது, டமாஸ்கஸ் வாளே நம்முடைய இரும்புதான் என்று வாரம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்துவிடுகிறது. மிகையைக் கழித்துவிட்டால் அதில் உண்மை இருக்கிறது. தென்னிந்திய உலைகளில் செய்த உருக்குக் கட்டிகளைப் பற்றி 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார். அந்தக் கட்டியை அடித்துக் கத்தியாக்கிப் பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளி. கால் நூற்றாண்டு கழித்து அதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து மைக்கேல் ஃபாரடே உருக்கில் வெள்ளியையும் பிளாட்டினத்தையும் ரோடியத்தையும் கலந்து சோதனை செய்தார். அந்தக் கலவையில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

நல்ல கதை. ஆனால் பரிசு வாங்கிய அந்த நண்பர் சில வாரங்கள் கழித்து என்ன செய்திருப்பார்? கத்தி மழுங்கியிருக்கும். ஒரு கல்லைத் தேடியிருப்பார், அல்லது கல் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போயிருப்பார். அந்தக் கல்லும் அந்த ஆளும் கதையில் வருவதில்லை.

முடியைவிட உருக்கு எத்தனையோ மடங்கு கடினமானது. பிறகு ஏன் மழுங்குகிறது? 2020இல் எம்ஐடி ஆய்வாளர்கள் நுண்ணோக்கிக்கு அடியிலேயே சவரம் செய்து பார்த்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். முடி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளையும்போது, கத்தி வாயில் ஏற்கனவே பலவீனமாக இருக்கும் இடத்தில் அழுத்தம் குவிந்து உருக்கு சில்லுச் சில்லாகப் பெயர்கிறதாம். மனித முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அது உருக்கை உடைக்கிறது. ஆகவே எவ்வளவு உசத்தியான கத்தியாக இருந்தாலும் கல்லிடம் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

மூன்று ஆண்டுகளாக நானும் ஒரு மடக்குக் கத்தி வைத்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியும். சமையல் கத்தியைத் தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிப்பது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்த வேலை இல்லை. அதன் முதுகு தடித்தது, இரண்டு பக்கமும் குழித்துத் தேய்த்தது. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படியும்படி வைத்தால் சாய்வு தானாக அமைந்துவிடும், ஏறக்குறைய 16, 17 டிகிரி. நீரோ எண்ணெயோ விட்டு, வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். கல்லின் முனையில் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கம் வைத்து இழுக்க வேண்டும். தோல்வாரில் நேர்மாறு. அங்கே முதுகுதான் முன்னே போகும், வாய் பின்னால் வரும். வாய் முன்னே போனால் தோல் கிழிந்துவிடும்.

முதலில் 1000 எண் கல், பிறகு 4000, பிறகு 8000. எண் ஏற ஏறத் துகள் பொடியாகிக்கொண்டே போகும். முந்தைய கல் போட்ட கோடுகளை அடுத்த கல் அழிக்கும், அவ்ளோதான் தத்துவம். அழுத்தவே கூடாது, கத்தியின் எடையே போதும். கடைசிக் கல்லில் கத்தி நீரோடு சேர்ந்து ஒருமாதிரி ஒட்டிக்கொண்டு நகரும். அந்தப் பிடிப்பை விரல்தான் கண்டுபிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு நல்ல கல்லைத் தேடும் அலைச்சல் மிகப் பழையது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் இறந்துபோன ரோமானியர் பிளினி, தன் ‘இயற்கை வரலாறு’ 36ஆம் புத்தகத்தில் தீட்டுக்கற்களை வகை பிரிக்கிறார். எண்ணெய்க்கு உரியவை, நீருக்கு உரியவை, இரண்டுக்கும் பொருந்துபவை. நான்காவதாக ஒரு வகை, எச்சிலுக்கு உரியது. அது சவரக்கடைகளில் பயன்படுகிறது, அந்த வகையில் ஸ்பெயினிலிருந்து வரும் கல் சிறந்தது என்கிறார். ரோமாபுரி நாவிதர் கல்லில் துப்பித் தீட்டிய காட்சி இப்படித்தான் நமக்குக் கிடைக்கிறது. அவர் பெயர் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவில் பிற்காலத்தில் பேர் வாங்கியது பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் ‘கோட்டிக்யூல்’. வெளிர் மஞ்சள் நிறக் கல். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. பல முகங்கள் கொண்ட உருண்டையான மணிகள் என்பதால் ஆழமாகக் கீறாமல் மெல்லச் சுரண்டுகின்றன. அதுதான் சவரக்கத்திக்கு வேண்டியது. மஞ்சள் அடுக்கு பூமிக்குள் மெல்லிய நாடாவாகத்தான் ஓடும், உடையவும் செய்யும். அதனால் முதுகில் ஒரு ஸ்லேட் பலகையை ஒட்டி விற்பார்கள்.

பாரிஸில் ழான் ழாக் பெரே என்ற கத்தித் தொழிலாளி 1769இல் ஒரு புத்தகம் போட்டார். நாவிதரிடம் போகாமல் தனக்குத்தானே சவரம் செய்யக் கற்றுத்தரும் புத்தகம். அதன் தலைப்பு ஒரு பத்தி அளவுக்கு நீளமானது. அதன் பின்பாதி, தீட்டுக்கற்களை அடையாளம் காணும் வழியையும் தோல்வாரைப் பக்குவப்படுத்தும் முறையையும் சொல்லித்தருவதாக வாக்களிக்கிறது. கத்தியைக் கையில் எடுத்தால் போதாது, கல்லறிவும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கத்தி விற்கிற ஆள் அல்லவா.

இனி சென்னைக்கு வருகிறேன். 1728இல் இறந்த ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் உலகம் முழுவதிலுமிருந்து கற்களைச் சேகரித்துப் பட்டியல் போட்டு வைத்தவர். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அவருக்குச் சில கற்கள் போயின. பட்டியலில் ஒன்றின் பெயர் ‘நெல்ல கொரிவிண்டம்’, இன்னொன்று ‘தெல்ல’ என்று தொடங்குகிறது. நெல் விளையும் வயலில் கிடைப்பது, வயல் எலிகள் தோண்டி வெளியே தள்ளுவது, இரும்பை மெருகேற்றப் பயன்படுவது என்பது முதல் கல்லுக்கு அவர் எழுதிய குறிப்பு. தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு, ‘தெல்ல’ என்றால் வெள்ளை. கல்லைக் கொடுத்தவர் தெலுங்கு பேசியவராக இருக்க வேண்டும். தமிழில் அது குருந்தம். ஆங்கில அகராதிகள் ‘கொரண்டம்’ என்ற சொல்லுக்கு மூலமாகக் காட்டுவது இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான். வடமொழியில் குருவிந்தம்.

எலி தோண்டிப் போட்ட கல் சாதாரணக் கல் இல்லை. கடினத்தில் வைரத்துக்குப் பத்து என்றால் குருந்தத்துக்கு ஒன்பது. அதையே நிறமும் ஒளியும் சேர்த்துப் பார்த்தால் மாணிக்கமும் நீலமும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வரும் இடத்தில் மாணிக்க வகைகளில் ஒன்றாக ‘விந்தம்’ சொல்லப்படுகிறது. உரைகாரர்கள் அதைக் குருவிந்தம் என்று விரிக்கிறார்கள். தீட்டுகிற கல்லும் மாணிக்கமும் ஒரே பொருள் என்று ஐரோப்பியப் படிகவியல் ஏற்றுக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

பியர்சன் நம் உருக்கைப் பற்றி எழுதி மூன்றே ஆண்டுகளில், 1798இல், அதே ராயல் சொசைட்டி இதழில் சார்ல்ஸ் கிரெவில் ஆசியக் குருந்தக்கல்லைப் பற்றி எழுதினார். உருக்கும் கல்லும் ஒரே பத்தாண்டில் ஒரே மேசைக்குப் போயிருக்கின்றன. முதலாவதை நாம் கொண்டாடுகிறோம். இரண்டாவதை நினைவில் வைத்திருப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் குருந்தம் இன்றும் பாறையில் கிடைக்கிறது. சந்திரயான் இரண்டைச் சோதிக்க நிலவு மண்ணைப் போலச் செயற்கையாக மண் செய்தபோது இஸ்ரோ அந்த வட்டாரத்துப் பாறையைத்தான் எடுத்துப்போனது. செய்தியில் நிலவு வந்தது, குருந்தம் வரவில்லை.

குருந்தத்தைப் பொடித்து, சலித்து, உருக்கிய அரக்கில் குழைத்து வட்டாக வார்த்தால் சாணை. மணி வெட்டுபவரும் வாள் தீட்டுபவரும் பயன்படுத்தியது அதைத்தான். பொடி, பொடியைப் பிடித்து வைக்க ஒரு பசை. இன்று கடையில் வாங்கும் செயற்கைக் கல்லும் அடிப்படையில் அதே யோசனைதான்.

அந்தச் செயற்கைக் கல்லின் கதை 1891இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. எட்வர்ட் அச்சசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கினார். பளபளக்கும் கடினமான படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்ததாக்கும் என்று நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு, குருந்தம் அதில் துளியும் கிடையாது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1895இல் மலிவான மின்சாரத்துக்காக அவருடைய கம்பெனி நயாகரா அருவிக்கு இடம் மாறியது. அங்கிருந்து தீட்டுக்கற்கள் பெட்டி பெட்டியாக உலகம் முழுவதும் போயின, சவரக்கத்திக்கென்றே உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கல் உட்பட. அரைத் தமிழ்ப் பெயர் அச்சடித்த பெட்டிகள்.

அதே நயாகராவைப் பற்றி வேறொருவர் கனவு கண்டுகொண்டிருந்தார். அமெரிக்கர் எல்லாரும் அருவிக்குப் பக்கத்தில் ஒரே மாநகரத்தில் வாழலாம், போட்டி வியாபாரமே வேண்டாம் என்று 1894இல் புத்தகம் எழுதியவர் கிங் கேம்ப் ஜில்லெட். ஆமாம், அந்த ஜில்லெட்தான். அடுத்த ஆண்டே, தூக்கிப்போடும் பிளேடு என்ற யோசனை அவருக்கு வந்தது. 1903இல் விற்றது 51 கருவிகளும் 168 பிளேடுகளும். அடுத்த ஆண்டு கருவிகள் மட்டும் 90,000ஐத் தாண்டின. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் 35 லட்சம் கருவிகள் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

அவருடைய விளம்பரங்கள் கத்தியின் கூர்மையைவிட வேறொன்றை உரக்கச் சொல்லின. வாரில் இழுக்க வேண்டாம், கல்லில் தீட்ட வேண்டாம். அவர் விற்றது பிளேடை அல்ல, கல்லிலிருந்து விடுதலையை. அந்த விடுதலை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாரநாட்களில் நானும் பிளேடுதான். இதனால் தொழில் கையைவிட்டுப் போனது என்னவோ பிளினி காலத்திலிருந்து கல்லை வைத்திருந்தவரிடமிருந்து.

நம் மொழியில் அவருக்கு என்ன மரியாதை? பண்டிதர், மருத்துவர் என்றும் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் கட்டியைக் கீறியதும் புண்ணுக்கு மருந்து கட்டியதும் அவர். அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அதே வாயால் ‘போய்ச் சிரை’ என்று திட்டவும் செய்கிறோம். உருக்கைப் பற்றிப் பெருமைப்படுகிற நாம் குருந்தத்தை மறந்ததற்குக் காரணம் இந்த வசையில் இருக்கிறது என்பது என் எண்ணம். உருக்கு என்றால் வாள், வாள் என்றால் அரசன். கல் என்றால் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புழக்கடை வழியாக வந்து போனவர்.

கிள்ளானில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. எச்ஐவி பயம் வந்த காலத்தில் அவரும் மடக்குக் கத்தியை உள்ளே வைத்துவிட்டார். இப்போது பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் செருகுகிறார். ஒரு கன்னத்துக்குப் பாதி பிளேடு, பிறகு குப்பை. சுத்தம் என்று பார்த்தால் அதுதான் சரி, அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. 2009இல் வெளிநாட்டு முடிதிருத்துநர்களை எடுக்கத் தடை வந்து 2023இல் தளர்ந்தபோது நாளிதழ்கள் ஆள் பற்றாக்குறையைப் பற்றி நிறைய எழுதின. இந்த வேலைக்குள் எத்தனை வேலை இருந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நான் கேட்டேன். இழுப்பறையிலிருந்து அப்பாவின் கல்லை எடுத்துக் காட்டினார். நடுவில் தேய்ந்து தோணி மாதிரி குழிந்திருந்தது.

“அப்பாவுது தம்பி. காலையில கடை தொறக்கறதுக்கு முன்னால நாலு கத்தி தீட்டிருவாரு. நான் பத்து வயசுல தண்ணி தெளிச்சிக்கிட்டு பக்கத்துல நிப்பேன். சத்தத்தை வச்சே சொல்லிருவாரு, ஆயிருச்சா இல்லையான்னு.”

குருந்தம் என்ற பெயரைச் சொன்னேன். மாணிக்கமும் அதே கல்தான் என்றும் சொன்னேன்.

“அப்படியா? நாங்க கல்லுன்னுதான் சொல்லுவோம்,” என்றார். அதைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.