திருமழபாடித் திருப்பணியும் இராசராசன் ஆணையும்

காவிரியின் வடகரையிலே பாடல் பெற்ற தலங்கள் 63 எனச் சைவ நன்மக்கள் வகுத்துப் போற்றுவர். அவற்றுள் 54-ஆவதாக வைத்து எண்ணப்பெறுவது திருமழபாடி. மூவர் முதலிகளும் பாடிய பெருமையுடையது அத்தலம். ஆயினும், திருப்பணி செய்வோரும் குடமுழுக்குக்குப் பொருள் உதவுவோரும் தனியே நினைத்தற்குரிய பிறிதொரு பெருமையும் அதற்கு உண்டு. பழைய கோயிலைப் பிரித்துப் புதுக்கும்பொழுது முன்னோர் எழுதிவைத்த எழுத்துக்களை எவ்வாறு காக்கவேண்டும் என்பதை, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே உலகுக்கு உணர்த்தி நிற்பது அத்திருக்கோயிற் சுவர்.

ஊரும் ஆறும்

தஞ்சையிலிருந்து அரியலூர் செல்லும் பெருவழியிலே கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருமானூர் வரும். அதற்கு அணித்தாகக் கொள்ளிடத்தின் வடகரையிலே அமைந்த சிற்றூர் திருமழபாடி. ஆண்டின் பெரும்பகுதியில் வெண்மணற் பரப்பாய்க் கிடப்பதும், வெள்ளம் வருங்காலத்துக் கரை காணாப் பெருக்காய் ஓடுவதும் கொள்ளிடத்தின் இயல்பு. அவ்வாறு இத்தலத்தருகே வடமுகமாகத் திரும்பிச் செல்வதாகக் கொண்டு அடியார்கள் அதனைப் புனிதமாகப் போற்றுவர். ஆற்றங்கரையும், அதனை அடுத்து ஓங்கி நிற்கும் இராசகோபுரமும், சூழ இருக்கும் வயல்களுமே ஊரின் காட்சி. திருவிழாக் காலம் ஒழிய மற்றை நாட்களில் ஆரவாரம் இல்லை. மனம் ஒருமைப்பட்டு வழிபட விரும்புவார்க்கு இத்தகைய அமைதியே பெருஞ்செல்வம்.

ஊர்ப்பெயர்க்கு இருவகையாகக் காரணம் கூறுவர். மார்க்கண்டேய முனிவர்க்கு இறைவன் மழுவேந்தி நடமாடிக் காட்டினமையின் மழுவாடி என்றாகிப் பின்னர் மழபாடியாயிற்று என்பது புராண வழக்கு. மழவர் என்னும் பழங்குடியினர் பாடி கொண்டிருந்த இடமாதலின் மழபாடி என்பது வரலாற்றறிஞர் கொள்கை. இறைவன் திருப்பெயர் வைத்தியநாதர். வயிரத்தூண் நாதர் என்றும் வழங்குவர். இறைவியார் சுந்தராம்பிகை. தலமரம் பனை. ஒரே கல்லில் வடித்த சோமாஸ்கந்தர் திருவுருவம் இங்குக் கண்டு வணங்கத்தக்கது.

மூவர் போற்றிய தலம்

திருஞானசம்பந்தர் அருளியவை மூன்று, திருநாவுக்கரசர் அருளியவை இரண்டு, சுந்தரர் அருளியது ஒன்று ஆக 6 திருப்பதிகங்கள் இத்தலத்துக்கு உள்ளன. சுந்தரர் இங்கு வந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் கனியக் கூறுவர். தென்கரையிலுள்ள திருவாலம்பொழிலிலே சுந்தரர் ஓரிரவு துயில்கொண்டார். அப்பொழுது இறைவன் கனவிலே தோன்றி, மழபாடிக்கு வருவதை மறந்துவிட்டனையோ என்று வினவியருளினான். விழித்தெழுந்த சுந்தரர் காவிரியைக் கடந்து வடகரை சேர்ந்து, திருமழபாடி புகுந்து, இனி வேறு யாரை நினைப்பது என்று உருகிப் பாடினார்.

இவ்வரலாற்றிலே ஒரு நுட்பம் உண்டு. அடியார் மறந்தார், ஆண்டவன் நினைவூட்டினான். இத்தலத்தின் சிறப்பு நினைவூட்டுதலிலேயே தொடங்குகின்றது எனல் பொருந்தும். பின்னர் நிகழ்ந்த திருப்பணி வரலாறும் அதனோடு இயைந்தே அமைந்தது.

நந்தியெம்பெருமான் திருமணம்

பங்குனித் திங்கள் புனர்பூச நாளில் இங்கு நந்தியெம்பெருமான் திருமணம் நடைபெறுகின்றது. சிலாத முனிவர்க்கு மகவாய் வந்த நந்திதேவர்க்கு, வசிட்டர் பேத்தியாரும் வியாக்கிரபாதர் திருமகளாருமாகிய சுயசாம்பிகையாரை மணம் முடிப்பிக்கத் திருவையாற்றுப் பெருமான் அம்மையாரோடு எழுந்தருள்வது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் திருவையாற்றினர்; பெண் வீட்டார் மழபாடியினர். நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்பது அப்பகுதி மக்களின் பழமொழி. ஆண்டு முழுவதும் அமைதியாயிருக்கும் ஆற்றங்கரை அன்று மக்கள் வெள்ளத்தால் நிரம்பும்.

சாசனம் என்பது யாது?

இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். திருக்கோயிலின் அதிட்டானத்திலும் சுவரிலும் வெட்டப்பெற்றுள்ள எழுத்துக்களைப் பழமையான கிறுக்கல்கள் என எண்ணிப் புறக்கணிப்பார் இன்றும் உளர். அவை அறத்தின் பத்திரங்கள். இன்னார், இன்ன ஆண்டில், இன்ன நிலத்தையோ பொன்னையோ ஆட்டையோ இறைவனுக்கு வைத்தார். அதன் விளைவிலிருந்து இன்ன காரியம் நடைபெறுக என்பதே பெரும்பான்மையான கல்வெட்டுக்களின் பொருள்.

ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். அணையாது எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அதன்பொருட்டு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை வைப்பது தஞ்சைப் பெருங்கோயிற் சாசனங்களில் காணப்பெறும் கணக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நெய்யை அளந்து வரவேண்டும். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாது நிற்கும் என்பதனால், சாவா மூவாப் பேராடு என்று அவற்றை வழங்கினர். ஆடும் மாறும், இடையரும் மாறுவர், விளக்கு மட்டும் மாறாது எரியவேண்டும். அதற்குச் சான்று கல்லில் உள்ள எழுத்து ஒன்றே. அந்த எழுத்து அழியுமாயின், நெய் அளக்கவேண்டும் என்று கேட்பதற்கு இடமில்லை, விளக்கும் அணையும்.

இவ்வாறு அறம் வைத்தோர் அரசரும் அரசியரும் மட்டும் அல்லர். வணிகர், வேளாளர், படைவீரர், எளிய குடிமகளிர் எனப் பலதிறத்தாரும் உளர். தாம் மறைந்த பின்னர் யார் வருவாரோ என்னும் கவலை அவர்கட்கு இருந்தது. ஆதலின், இவ்வறத்தைக் காப்பவன் திருவடி எம் தலைமேலது என்று பொருள்படும் வாசகத்தைச் சாசனத்தின் இறுதியில் வெட்டுவித்தனர். பிறவாத ஒருவன் காலடியைத் தம் முடிமேல் தாங்க இசைந்த பணிவு அது. பன்மாகேசுவரர் காவலில் அறத்தை ஒப்படைப்பதும் அக்கருத்துப் பற்றியே.

இராசராசன் ஆணை

தஞ்சையிலே பெருங்கோயில் எடுத்த முதலாம் இராசராசன், தன் 25-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1010-ஆம் ஆண்டில், அதன் விமானத்துக்குரிய செப்புக்குடத்தை வழங்கினான். அதன்பின் மூன்றாண்டுகள் சென்று, தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1013-ஆம் ஆண்டளவில், திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்கவேண்டும் என ஆணையிட்டான். அவ்வாணையிலே ஒரு விதி இருந்தது. சுவரைப் பிரிக்குமுன், அதிலுள்ள கல்வெட்டுக்கள் எல்லாவற்றையும் பொத்தகத்தில் படியெடுத்துக் கொள்ளவேண்டும் என்பதே அது.

அக்காலத்துப் பொத்தகம் பெரும்பாலும் ஓலைச்சுவடியே. எழுத்துக்களை வாசித்து ஓலையில் எழுதிய பின்னரே கற்கள் பிரிக்கப்பெற்றன. இராசராசன் 1014-ஆம் ஆண்டில் மறைந்தான்; பணி நிறைவேறியதைக் காண அவன் இருந்திலன். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில், 1026-ஆம் ஆண்டளவில், பொத்தகத்திலிருந்த சாசனங்கள் புதிய சுவரிலே மீண்டும் வெட்டப்பெற்றன. இச்செய்தியையும் அச்சுவரே கூறுகின்றது.

இடைப்பட்ட ஆண்டுகள் 13. அக்காலத்திலேதான் சோழர் படை கங்கை சென்று மீண்டது. கடல் கடந்து கடாரமும் சென்றது. நாடெங்கும் வெற்றி முழக்கம் ஒலித்த அக்காலத்தில், கொள்ளிடக் கரைச் சிற்றூர் ஒன்றின் ஓலைக்கட்டு ஒன்று சிதையாது காக்கப்பெற்று வந்தது. ஆணையிட்டவன் மறைந்த பின்னரும் ஆணை மறையவில்லை. வென்ற நாடுகள் பின்னர்ச் சோழர் கையைவிட்டு அகன்றன. அந்த ஓலையிலிருந்து வெட்டிய எழுத்தோ இன்றும் நிற்கின்றது.

பேரரசன் ஒருவன், பழைய சுவரை இடித்துத் தன் பெயரை மட்டும் புதுச்சுவரிலே பொறித்திருக்கலாம். தடுப்பார் ஒருவரும் இலர். தனக்கு முன்னே யாரோ வைத்த விளக்கும் தன் கோயிலிலே எரியவேண்டும், அவர் பெயரும் தன் பெயரோடு நிற்கவேண்டும் என்று அவன் கருதினான். இராசராசன் எடுத்த பெருங்கோயிலினும் இக்கருத்துச் சிறியதன்று.

இம்முறை வந்த வழி

இம்முறைமை இராசராசனே புதிதாகக் கண்டதும் அன்று. அவன் பாட்டனார்க்குத் தமையனாராகிய கண்டராதித்த சோழர் தேவியார், செம்பியன் மாதேவியார். மழவர் குலத்தில் தோன்றிய திருமகளார் அவர். திருமழபாடிக்கு அருகே கண்டராதித்தம் என்னும் ஊர் இன்றும் அச்சிவஞானச் செல்வர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கணவரை இழந்த பின்னர் அப்பெருமாட்டியார் தம் வாழ்நாளைத் திருப்பணிக்கே ஆக்கினார். செங்கல்லாலாகிய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார்.

அவற்றுள் ஒன்று காவிரி வடகரையிலுள்ள திருக்கோடிகா. அவர் மகனார் உத்தமசோழன் காலத்தில் அக்கோயிலைப் புதுக்கியபோது, பழைய சாசனக் கற்களிலிருந்த எழுத்துக்கள் புதிய சுவரிலே படியெடுத்து வெட்டப்பெற்றன. பழங்கல்லின் படி இது என்னும் குறிப்பும் அவற்றோடு சேர்க்கப்பெற்றது. பல்லவ மன்னர் காலத்து அறங்களும் அதனால் அழியாது பிழைத்தன. மூலம் எது, படி எது என்று மறையாது கூறிய நேர்மையும் போற்றத்தக்கது. இளமை தொட்டு இப்பெருமாட்டியாரின் பணிகளைக் கண்டு வளர்ந்த இராசராசன் அவ்வழியைப் பின்பற்றியது இயல்பே.

தில்லையிலே அறையில் அடைபட்டுச் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி துணையோடு வெளிப்படுத்திய மன்னன் இராசராசனே என்பர் பலர். எஞ்சியவை கிடைத்த மகிழ்ச்சியோடு, கறையானுக்கு இரையானவை மீளா என்னும் வருத்தமும் அவ்வரலாற்றில் உண்டு. ஏட்டை இழப்பதன் துன்பத்தை உணர்ந்தவனே சுவரை இழக்குமுன் ஏடு எழுதச் சொல்வான்.

இரண்டாவது படி

ஏறத்தாழ 870 ஆண்டுகள் கழிந்து அவ்வெழுத்துக்கள் மீண்டும் படியெடுக்கப்பெற்றன. அரசாங்கக் கல்வெட்டுத் துறையார் 1895-ஆம் ஆண்டில் திருமழபாடிச் சாசனங்களைப் படியெடுத்தனர். கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் பதித்து, தூரிகையால் தட்டி எழுத்தின் குழிகளில் தாள் படியுமாறு செய்து, பின்னர் மை ஒற்றி எடுப்பது அவர்கள் முறை. அப்படிகள் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் ஐந்தாம் தொகுதியில் 1925-இல் அச்சேறின. இராசராசன் ஆணையை இன்று உலகம் அறிவது அவ்வச்சினாலேயாம்.

திருப்பணி செய்வோர் கடமை

இக்காலத்தும் திருப்பணிகள் நாடெங்கும் நடைபெறுவது சிவபெருமான் திருவருளே. ஆயின், அன்பின் மிகுதியாலும் அறியாமையாலும் சில கோயில்களிலே பழைய எழுத்துக்கள் அழிந்துபோயின. காற்றழுத்தத்தால் மணலை வீசிச் சுவரைத் தூய்மை செய்தமையால் எழுத்தின் விளிம்புகள் மழுங்கின. தரையை உயர்த்திப் புதுக்கற்கள் பரப்பியமையால் அதிட்டானத்துக் கல்வெட்டுக்கள் மண்ணுள் மறைந்தன. வண்ணப்பூச்சினாலும் பளிங்குப் பலகையினாலும் மறைந்தன பல. பிரித்த கற்களை வரிசை மாற்றி அடுக்கியமையால் தொடர் அறுந்து பொருள் கெட்டன வேறு பல.

இவற்றைத் தவிர்ப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பாலாலயம் செய்யுமுன் கோயிலின் எழுத்துக்களைக் கல்வெட்டறிஞரைக் கொண்டு வாசிப்பித்தல். அவற்றைப் படியெடுத்தும் நிழற்படம் எடுத்தும் இரண்டு மூன்று இடங்களில் வைத்தல். கல்லைப் பிரிக்க நேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு அந்த முறையே மீண்டும் அடுக்குதல். எழுத்துள்ள இடத்தில் பூச்சும் ஆணியும் படாது காத்தல். இவை நான்கும் போதும். இராசராசனுக்குக் கிட்டாத கருவிகள் பல இன்று உள. அவன் கொண்ட கருத்து ஒன்றே வேண்டப்படுவது.

உபயதாரர் பெயரைப் பளிங்கிலே பொறிப்பது நல்வழக்கே. பிறர்க்கும் ஊக்கம் தரும். அப்பலகையைப் பதிக்குமுன், அதன் பின்னே மறையவிருக்கும் கல்லிலே வேறொருவர் பெயர் உண்டோ என ஒருமுறை கண்ணுற்று நோக்குதல் வேண்டும். அவரும் ஒரு காலத்து உபயதாரரே. 96 ஆடு வைத்து, காப்பவர் காலடியைத் தலைமேல் ஏற்றவர். அவருடைய அறத்தை இன்று காப்பவருக்கே, தம் அறத்தைப் பின்னோர் காப்பர் என்று எதிர்பார்க்க உரிமை உண்டு.

குடமுழுக்கிலே பொழியும் திருமஞ்சனநீர் கலசத்தினின்று இறங்கி, விமானத்தை நனைத்து, சுவரின் எழுத்துக்கள் வழியாக ஓடி நிலத்தை அடைகின்றது. பண்டு அறம் வைத்தோர் பெயரையும் இன்று அறம் செய்வோர் பெயரையும் அந்நீர் ஒருங்கே நனைக்குமாறு திருப்பணி அமைக. வைத்தியநாதப் பெருமான் திருவருளால் அடியார்கள் நோயின்றி நீடு வாழ்க, அறங்கள் நிலைபெறுக.

திருச்சிற்றம்பலம்