பெருங்களத்தூரில் பிறந்த கார்

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர் போகிறவர்களுக்குப் பெருங்களத்தூரில் ஸ்ரீராம் கேட்வே ஐ.டி. வளாகம் தெரிந்திருக்கும். நானும் அங்கே சில வருஷம் கோடிங் பண்ணியவன்தான். அதே இடத்தில் முன்பு கார் செய்தார்கள் என்பது வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கம்பெனியின் பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-இல் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. வான்கார்டு, பென்னன்ட் எல்லாம் வந்த பிறகு 1961-இல் ஹெரால்டு வந்தது. 948 சிசி எஞ்சின். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. எழுபதுகளில் கெசல். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000: ரோவர் பாடிக்குள் வான்கார்டு வழி வந்த பழைய எஞ்சின். விலையும் அதிகம், எடுபடவில்லை. 1988-இல் கார் உற்பத்தி நின்றது.

ஹெரால்டில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் அவர்களுக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனிச் சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். அன்றைய நெருக்கடிதான் இன்று அந்தக் காரைக் காப்பாற்றுகிறது. அடிபட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

சேலையூர் பக்கம் ஒரு பட்டறையில் அதை நேரில் பார்த்தேன். பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்கிறது. வயதான மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார். "இதுல மறைவா ஒண்ணுமே இல்ல சார், எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு" என்றார். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால் ஹோஸ்களை மாற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 'விஏ' எழுத்துள்ள நம்பர். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். தினமும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

சரி, 2024-இல் வாங்கிய கார் 2074-இல் வின்டேஜ் ஆகுமா? எனக்குச் சந்தேகம்தான். கேஸ்கெட்டை அட்டை வெட்டிக்கூடச் செய்துவிடலாம். பூட்டி வைத்த மென்பொருளை எந்தப் பட்டறையில் செய்வது? நாங்கள் எழுதுகிற நிரல்களுக்குப் பத்து வருஷம் கழித்து சப்போர்ட் கிடைப்பதே அபூர்வம். இதை என் தொழிலின் குறையாகவே சொல்கிறேன்.

ஹெரால்டின் சர்வீஸ் மேனுவல் இன்றும் கிடைக்கிறது. ஒரு மாடலைக் கைவிடும் கம்பெனி, அதன் பழுதறியும் மென்பொருளையும் வயரிங் படத்தையும் வெளியிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு விதி வரட்டும். இல்லாவிட்டால் இன்றைய கார்களை நம் பேரப்பிள்ளைகள் போட்டோவில் மட்டும்தான் பார்ப்பார்கள்.