நீலியும் பல்லவனும்

சிறு வயதில் நாங்கள் அம்பத்தூரில் குடியிருந்தபோது, இரவில் நான் அடம்பிடித்து அழுதால், "பேசாமல் படு! பழையனூர் நீலி வருகிறாள்!" என்று பாட்டி பயமுறுத்துவாள். நானும் அழுகையை நிறுத்திவிட்டு வாசற்பக்கம் பார்ப்பேன்.

அந்த நீலியின் ஊர் எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிறது என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அம்பத்தூரில் வண்டி ஏறி, ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் எல்லாம் தாண்டிப் போனால் திருவாலங்காடு. அதற்குப் பக்கத்து ஊர்தான் பழையனூர்.

நீலியின் கதை நேயர்கள் அறிந்ததே. கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, மறு பிறவியில் வணிகனாய்ப் பிறந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறார்" என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னிலையில் கண்ணீர் வடிக்கிறாள். "ஐயா, இவள் பேய்! என்னைக் காப்பது இந்த வாள் ஒன்றுதான்" என்று வணிகன் கதறுகிறான். பெரியவர்கள் நம்பவில்லை. வாளை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்றார்கள். பொழுது விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய ஆலங்காட்டுப் பதிகத்திலேயே நீலியின் வஞ்சகம் குறிக்கப்படுகிறது.

இது கதை. இனி, அதே மண்ணில் கிடைத்த சரித்திரத்தைக் கேளுங்கள்.

1905-ல் திருவாலங்காட்டில் செப்பேடுகள் கிடைத்தன. பழையனூரை ஆலங்காட்டுக் கோயிலுக்கு ராஜேந்திர சோழன் அளித்த சாசனம் அது. ஆதித்த சோழன் அபராஜித பல்லவனை வென்று, அவன் நாட்டைக் கைக்கொண்ட செய்தியும் அதில் வருகிறது.

காஞ்சிப் பல்லவர்களுக்குச் சோழர் எம்மாத்திரம்? கரிகாலன் காலம் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் எஞ்சிய குலம். 850-ஐ ஒட்டி விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தபோதும் பல்லவர்கள் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. 880-ஐ ஒட்டித் திருப்புறம்பியத்தில் வரகுண பாண்டியனை எதிர்க்க, அந்தச் சோழனையே துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பாண்டியன் தோற்றான்; பல்லவனுக்காகப் போரிட்ட கங்க மன்னன் பிருதிவீபதி மாண்டான். லாபமெல்லாம் சோழனுக்கு! அந்த நூற்றாண்டு முடிவதற்குள், ஆதித்தன் யானைமேல் பாய்ந்து பல்லவனைக் கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டு கூறுகிறது. அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அடங்கிய தொண்டை மண்டலம் சோழருடையதாயிற்று. அறுநூறு ஆண்டுப் பல்லவ வம்சம் அத்துடன் அஸ்தமித்தது.

பழையனூரார் பயந்தவன் கையிலிருந்த வாளை வாங்கினார்கள். பல்லவனோ பயப்பட வேண்டியவன் கையில் வாளைக் கொடுத்தான். செத்தது திரும்பி வராது என்ற நம்பிக்கைதான் இரண்டு இடத்திலும் உயிரைக் குடித்தது.

சோழராவது பாடம் கற்றார்களா? மூன்றாம் குலோத்துங்கன் மதுரையை வென்று, பாண்டியர் கதை முடிந்ததென்று இருந்தான். அவன் காலத்திலேயே மாறவர்மன் சுந்தரபாண்டியன் வந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். 1279-க்குப் பிறகு சோழ அரசே இல்லை.

பேய் உண்டா, இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால், "நீலி வருகிறாள்" என்று சொல்ல ஒரு பாட்டி எனக்கு இருந்தாள். அபராஜிதனுக்கு அப்படி யாரும் இல்லை போலும். இருந்திருந்தாலும், அவன் வாசற்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.